கழற்றக் கூடாத கயிறு

கோர்ட் வராண்டாவில் கம்பெனி மேனேஜர் மகுடேஸ்வரன் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க வக்கீலம்மா, அந்தப் புள்ள நம்ம தனபால்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுச்சுன்னா முடிஞ்சு போயிருமுங்க. கேஸெல்லாம் எதுக்குங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொலை, திருட்டு, அடிதடி என்று குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியே தலை நரைத்துவிட்டது. இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை அசிங்கப்படுத்தியதில்லை.

"மன்னிப்பு உங்காளு கேக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

விஜயராணி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டுகிறவள். சூப்பர்வைசர் தனபால் அவள் மார்பில் கை வைத்தான். நூல் வெட்டும் சின்னக் கத்தரியான ட்ரிம்மரால் அந்தக் கையிலேயே குத்தினாள். முதல் நாளே ஸ்டேஷனில் இதைச் சொன்னாள், யாரும் எழுதிக்கொள்ளவில்லை. தனபால் சொன்னதை மட்டும் எழுதினார்கள். லேட்டாக வந்ததைக் கண்டித்தாராம், மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவரை எட்டிக் குத்தினாளாம். தண்டனை கிடைத்தால் ஜெயில். வெளியே வந்தாலும், ஆயுதம் எடுத்தவள் என்று வேலம்பாளையத்தில் எந்தக் கம்பெனியும் அவளை வாசலில்கூட நிற்க விடாது. பக்கத்து மேஜைப் பெண்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தான். சாட்சி சொல்ல ஒருத்தியும் வரவில்லை. அவர்களைத் திட்டி என்ன செய்ய, எல்லோருக்கும் வேலை வேண்டும்.

தனபால் நெற்றி நிறையத் திருநீறோடு சாட்சிக் கூண்டில் ஏறினான். நான் குறுக்கு விசாரணையைத் தொடங்கினேன்.

"ட்ரிம்மர் எங்க இருந்துச்சு?"

"கழுத்துலதானுங்க தொங்குச்சு."

"கயித்தக் கழட்டிட்டு வந்து குத்துனாங்களா?"

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அதெப்படிங்க கழட்டுவாங்க? ட்ரிம்மர் துணியோட பெட்டிக்குள்ள போயிருச்சுன்னா வெளிநாட்டுக்காரன் ஆர்டரையே நிறுத்திப்போடுவானுங்க. காலைல முடிச்சுப் போட்டா ஷிப்ட் முடிஞ்சுதானுங்க அவுக்கோணும். என்ற லைன்ல ஒருத்தியும் கழட்ட முடியாதுங்க. அன்னைக்கும் கழுத்துலயேதானுங்க இருந்துச்சு."

அதை அப்படியே பதிவு செய்யும்படி நீதிபதியிடம் கேட்டுக்கொண்டேன். பிறகு அனுமதி வாங்கி, போலீஸ் கைப்பற்றிய அதே ட்ரிம்மரை, அதே கயிற்றோடு, பழைய முடிச்சுத் தடத்திலேயே என் கழுத்தில் கட்டிக்கொண்டேன். முன்னால் இழுத்தேன். நெஞ்சிலிருந்து ஒரு சாண் தூரம்கூட வரவில்லை. கயிறு பிடரியை அறுத்தது.

"மேஜைக்கு அந்தப் பக்கம் நின்னேன்னு சொல்றீங்க. இது இவ்வளவுதான் வருது. அப்புறம் உங்க கை எப்படிங்க அவ நெஞ்சுக்கிட்ட வந்துச்சு?"

தனபால் மகுடேஸ்வரனைப் பார்த்தான். மகுடேஸ்வரன் மேலே ஃபேனைப் பார்த்தார். நான் விடவில்லை. மறுபடியும் கேட்டேன், இந்த முறை கத்திக் கேட்டேன். நீதிபதி குரலைக் குறைக்கச் சொன்னார். என்னால் குறைக்க முடியவில்லை.

அடுத்த வாய்தாவில் தீர்ப்பு வந்தது. விடுதலை. வராண்டாவில் விஜயராணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் சொன்னத நம்பிட்டாகளாக்கா?"

தீர்ப்பை நான் படித்திருந்தேன். கயிற்றின் நீளம் இருந்தது. மேஜையின் அகலம் இருந்தது. தனபால் தன் வாயால் சொன்னது வரிக்கு வரி இருந்தது. அவள் சொன்னது மட்டும் எங்கேயும் இல்லை. அந்தக் காகிதத்தை அங்கேயே கிழித்து எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

"நம்பிட்டாங்க கண்ணு" என்றேன்.