ஒரு நிமிட விளக்கு மெட்டு

என் மெட்டை எனக்கே அறிமுகப்படுத்தினான் அந்தப் பிள்ளை. அதுவும் ஜெர்மன் மொழியில்.

ஜெர்மனியில் எசன் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் இசை நிகழ்ச்சி இருக்கும். அன்று ஒரு பிடில் குழு வந்திருந்தது. நான்கு ஜெர்மன்காரர், அவர்களோடு ராகவேந்திரன் என்று ஒரு சென்னைப் பையன். டுசல்டோர்ஃபில் ஆராய்ச்சி செய்கிறானாம். அமெரிக்க மலைநாட்டில் பிறந்த, இங்குள்ள பிடில்காரர் ஒருவரிடம் ஒருவர் கேட்டுப் பழகிய பழைய மெட்டுகளைத் திரட்டிப் புத்தகம் போடுகிறானாம். நான் சமையலறையில் இருந்து கேக் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"கடைசியாக 'கிழவன் நடை'. நூறு வருடத்துக்கு மேல் பழையது, ஆக்கியவர் தெரியாது," என்றான். "பெயர் தெரியாத ஒரு கிழவர் தேவாலயத்தில் வாசித்த ஒலிநாடாதான் நமக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று."

வாசித்தார்கள். இரண்டாவது வரியிலேயே வண்டிலை அப்படியே நிறுத்திவிட்டேன். கிழவனாம்! அந்த மெட்டைப் போட்டபோது எனக்கு இருபத்துநாலு வயது.

அது எண்பத்தாறாம் ஆண்டு. இதே எசனில் அகதி விடுதி. ஒரு அறையில் நான்கு பெண்கள், ஒரு கைக்குழந்தை. குழந்தை தூங்கினால் வயலினை எடுக்க ஏலாது. ஜன்னல் இல்லாத படிக்கட்டில் போய், விளக்கு சுவிச்சுக்குக் கீழே உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசிப்பேன். அந்த விளக்கு ஒரு நிமிடம்தான் எரியும். பிறகு தானே அணைந்துவிடும். இருட்டில் வாசிக்க வராதா என்று கேட்காதீர்கள். இருட்டில் ஏறி வருகிறவர் என் மேல் அல்லவா விழுவார்! அதனால் சரியாக ஒரு நிமிடத்தில் முடியும்படி ஒரு மெட்டுப் போட்டேன். முடியும் இடத்தில் வில் பிடித்த கையை நீட்டி சுவிச்சை அழுத்துவேன். மெட்டு அறுந்துவிடக் கூடாதே என்று அந்த நேரம் இடது கை விரலால் கம்பியை ஒரு தரம் சுண்டுவேன். பிறகு திரும்பவும் முதலில் இருந்து.

புதன்கிழமைகளில் எங்களுக்கு ஜெர்மன் படிப்பிக்க வந்த டீட்டரும் பிடில் வாசிக்கிறவன். அதைக் கேட்டு ஆசைப்பட்டு ஒலிநாடாவில் பதிந்துகொண்டு போனான். நல்ல மனிதன், செத்துப் பத்து வருடமாகிறது. உறையில் என் பெயரை எழுத மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. என் Antrag, அதாவது அகதி விண்ணப்பத்தை விசாரித்த அதிகாரிக்கும் அப்படித்தான். வயலின் வாசிக்கிறவள் என்று மூன்று தரம் சொன்னேன். அவர் "தொழில்: இல்லை" என்று எழுதினார். சண்டை பிடிக்க அன்று என்னிடம் ஜெர்மன் இருக்கவில்லை.

கைதட்டல் முடிந்ததும் பையனைப் பிடித்தேன்.

"தம்பி தமிழோ?"

"ஆமாக்கா!" முகமெல்லாம் பல். "நீங்க ஸ்ரீலங்காவா?"

"அதை விடும். அந்தக் கடைசி மெட்டு நான் போட்டது."

பல் கொஞ்சம் உள்ளே போனது. "அக்கா, ட்ரெடிஷனல் ட்யூன்னாலே அப்படித்தான். எங்கயோ கேட்ட மாதிரி, நம்மளோடது மாதிரி ஃபீல் ஆகும். ஆனா இதோட டியூனிங்கைப் பாருங்க. கம்பியெல்லாம் ஜோடி ஜோடியா ஒரே ஸ்வரத்துல இருக்கும். அது மலைக்காரங்க ஸ்டைல்."

"ச-ப-ச-ப. எங்கட ஆக்களும் அப்பிடித்தானே சுருதி சேர்க்கிறது? சென்னையிலை இருந்து வாறீர், இது தெரியாதோ?"

"நான் கத்துக்கிட்டது வெஸ்டர்ன்க்கா." பாவம், நெளிந்தான். "எவிடன்ஸ் ஏதாவது இருக்கா? புக் திங்கக்கிழமை பிரிண்டுக்குப் போகுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்பது வருடம் கழித்தும் இந்த நாட்டில் என்னிடம் ஆதாரம் கேட்கிறார்கள், அதுவும் தமிழில்!

"இருக்கு. உம்மட்டை உள்ள அந்தப் பழைய ஒலிநாடாவிலை, கம்பியைச் சுண்டுறதுக்கு முன்னாலை 'டக்' எண்டு ஒரு சத்தம் கேக்கும். ஒவ்வொரு முறையும். கேக்குதோ இல்லையோ?"

பையன் பிடிலைக் கீழே வைத்தான். "அது நாய்ஸ்னு க்ளீன் பண்ணிட்டேனே... ஒரிஜினலை என்னைத் தவிர யாருமே கேட்டதில்லக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது லைற் சுவிச். அமத்தினது நான். எதிரொலியைக் கேட்டு நீர் தேவாலயம் எண்டு நினைச்சது எங்கட விடுதிப் படிக்கட்டு."

முழுவதையும் சொன்னேன். கேக் வண்டிலின் மேலேயே மடிக்கணினியைத் திறந்து, ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டான். டக். டிங். டக். டிங். அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டில் கோபத்தையே வைத்துக்கொண்டேன்.

"சாரிக்கா," என்றான். "கீழ ஒரு நோட் போட்டுடறேன். 'இவரிடமிருந்து சேகரித்தது'ன்னு."

"சேகரிக்க நான் என்ன விறகோ? ஆக்கியவர் எண்டு போடும்."

"சரி, ஆக்கியவர். முழுப் பேரு?"

"சுந்தரேஸ்வரி கணேசலிங்கம்."

"ஒரு வரிதான் இடம் இருக்கு. எஸ். கணேசலிங்கம்னு போட்டுக்கட்டுமா?"

"அது என்ரை மனிசன்ரை பேர்! அவருக்கு வயலின்ரை தலையும் தெரியாது, காலும் தெரியாது. சுந்தரேஸ்வரி. இடம் காணாட்டி உம்மடை பேரைச் சுருக்கும். கிழவனையும் தூக்கும். 'ஒரு நிமிட விளக்கு' எண்டு போடும். நீர் துடைச்செடுத்த டக்கையும் திரும்ப வையும்."

மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினான். படிவம் ஒன்றைத் திறந்தான். ஒவ்வொரு மெட்டுக்கும் ஒன்று நிரப்ப வேண்டுமாம். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டுக் கேட்டுத் தட்டினான். அடுத்த கட்டத்தில் என்னுடைய ஏப்ரனைப் பார்த்தான்.

"தொழில்... இங்க கிச்சன் ஸ்டாஃப், இல்லையாக்கா?"

வண்டிலைச் சுற்றிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

"வயலின் வாசிக்கிறவள்," என்றேன். "நான் பாக்க எழுதும்."