மூன்றாவது அடுக்கில் சிக்கல்

அவள் கணவருக்கு அவருடைய அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் கிளிப்பிள்ளை. எதையும் கடகடவென்று ஒப்பித்துவிடுவார். ஏன் என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார். கணினி நெட்வொர்க் பிரிவுக்கு மாற வேண்டும் என்று துறைத் தேர்வை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பு வேலை பார்த்த அவள்தான், வீட்டில் துணி மடித்துக்கொண்டே அவரைக் கேள்வி கேட்பாள். ஒரு கணினி இன்னொன்றோடு பேச ஏழு அடுக்குகள், அடியில் கம்பி, உச்சியில் நாம் பார்க்கிற மென்பொருள் என்று அவளுக்கே பாடமாகிவிட்டது. எந்த அடுக்கு எதற்கு என்று கேட்டால் மட்டும் அவர் மறுபடி பெயர்களையே வரிசையாகச் சொல்வார். அவளுக்குக் கோபம் வராது. சிரிப்புத்தான் வரும், கொஞ்சம் கவலையும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பரிசோதனை முடிவுகள் அவள் கணினிக்கு மட்டும் விட்டு விட்டு வந்து, அப்புறம் நின்றே போயின. எதிரே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். மென்பொருள் கோளாறு, ஆள் வர மத்தியானமாகும் என்றார் மேலாளர். அவள் கணவருக்குப் போன் போட்டாள். அவர் முதல் அடுக்கு இன்னது, இரண்டாவது இன்னது என்று ஆரம்பித்துவிட்டார்.

"பாட்டு வேண்டாங்க. இப்ப நான் எதைப் பார்க்கணும், அதைச் சொல்லுங்க."

அவர் ஒப்பிப்பதை நிறுத்தினார். பிறகு, பெட்டிக்குப் பின்னால் கம்பி சொருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா என்றார். பச்சையாக மினுக்கியது. அப்படியென்றால் கம்பியை விடு, மேலே ஏறுவோம் என்றார். பக்கத்து மேசைக்கு முடிவுகள் வந்துகொண்டுதான் இருந்தன. இன்றைக்குப் புதிதாக எதையாவது மாட்டினார்களா என்று கேட்டார். மருத்துவர் அறையில் காலையில்தான் ஒரு கணினி வைத்திருந்தார்கள். அவள் கணினி, அந்தப் புதுக் கணினி இரண்டின் முகவரி எண்களையும் வாசிக்கச் சொன்னார். கடைசி இலக்கம் வரை ஒன்றே.

"ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர் போட்டா தபால்காரர் என்னம்மா பண்ணுவார்? சிக்கல் முகவரி பார்க்கிற மூணாவது அடுக்குல. மென்பொருள் பாவம், அது ஒண்ணும் பண்ணல."

புதியதற்கு வேறு எண் கொடுத்ததும் முடிவுகள் பொலபொலவென்று வந்து விழுந்தன. அவள் போனை வைக்கவில்லை.

"மூணு மாசமா நான் கேட்டது இதைத்தாங்க."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கீழ் அடுக்கு சரியாக இருந்தால்தான் மேலே இருப்பது பேச முடியும், அதனால்தான் கீழேயிருந்து வருகிறோம், சரிதானே என்று அவளிடமே கேட்டார்.

அந்த வருஷத் தேர்ச்சிப் பட்டியலில் அவர் கடைசிக்கு முந்தின ஆள். புதுப் பிரிவில் சேர்ந்த அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்தவர், பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, யாரும் கேட்காமலே நான்காவது அடுக்கை விளக்கினார். அவளுக்குப் பாதி புரியவில்லை. இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டாள்.