மூன்று கிலோ நாயும் ஆறடி ஆளும்

மாஸ்டருக்குச் சின்ன நாய்களைக் கண்டாலே ஆகாது. "கக்கத்துல இடுக்கிட்டுப் போறதெல்லாம் ஒரு நாயா? அது கைப்பை" என்பார். பதினெட்டு வருஷம் ஒரு பெரிய தொழிற்சாலையின் காவல் நாய்களைப் பழக்கியவர். இடுப்பு உயர நாய்களோடு நடந்து நடந்து அவர் நடையிலும் ஒரு மிடுக்கு ஏறிவிட்டது. இப்போது வீடு வீடாகப் போய் நாய்களைப் பழக்குகிறார். சின்ன நாய்களைவிட, அவற்றைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடக்கும் ஆண்கள்மேல்தான் அவருக்கு இளக்காரம் அதிகம். பெண்டாட்டிக்குப் பயந்தவன், பெண்ணுக்குச் செல்லம் கொடுத்துக் கெட்டவன், இரண்டும் இல்லையென்றால் மறை கழன்றவன். இந்த மூன்று டப்பாவுக்குள் எல்லோரையும் போட்டு மூடிவிடுவார்.

வெல்டர் எந்த டப்பாவுக்குள்ளும் போக மாட்டேன் என்றார்.

ஆள் ஆறடிக்குக் குறையாது. முழங்கை வரை தீப்பொறி சுட்ட தழும்பு. இரும்பு கேட்டை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்துவார். அப்பேர்ப்பட்ட மனிதர் கையில் ஒரு சிவப்புக் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மூன்று கிலோவுக்கு ஒரு வெள்ளைப் பொமேரியன். பெயர் பட்டன். மாஸ்டர் முதல் நாள் அந்த மாடி வீட்டுக்குள் நுழைந்ததும் நாயைப் பார்க்கவில்லை, வெல்டரைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

"இது யாரு ஆசைப்பட்டு வாங்கினது? நீங்களாம்மா?" என்று வெல்டரின் மனைவியைக் கேட்டார்.

"ஐயோ, எனக்கு நாய்னாலே நடுக்கம் மாஸ்டர். இது முழுக்க முழுக்க அவர் நாய்."

"பொண்ணு கிண்ணு கேட்டுச்சா?"

"எங்களுக்குப் பொண்ணு ஏது?"

மாஸ்டருக்கு மண்டை காய்ந்தது. வெல்டரையே கேட்டார். வெல்டர் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "ஒரு வீட்டுக்கு ஜன்னல் கம்பி அடிக்கப் போயிருந்தேன். வேலை முடியற வரைக்கும் இது என் செருப்பு மேலயே உக்காந்திருந்துச்சு. அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சதும் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். பிடிச்சுப் போச்சு."

"சரி, வேற?"

"வேற என்ன மாஸ்டர் வேணும்?"

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வது! மாஸ்டர் விடவில்லை. வேறு ஏதோ காரணம் இருக்கிறது, அதைக் கறந்தே தீருவது என்று முடிவு கட்டிக்கொண்டார்.

அவரைக் கூப்பிட்ட விஷயம் வேறு. பட்டன் திடீர் திடீரென்று குரைத்தது. ஆள் வந்தால் அல்ல, மணி அடித்தால் அல்ல. சும்மா இருக்கும்போது வெல்டரின் முழங்காலைப் பிறாண்டிக்கொண்டு, தொண்டை கிழியக் குரைக்கும். கீழ் வீட்டில் இருந்தவர் அச்சகத்தில் இரவு வேலை பார்ப்பவர், பகலில்தான் தூக்கம். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, குரைத்த நேரத்தையெல்லாம் தேதிவாரியாக எழுதி வீட்டு உரிமையாளரிடம் கொடுத்துவிட்டார். 'செவ்வாய் 11.20, ஆறு நிமிடம். வியாழன் 4.05, ஒன்பது நிமிடம்.' இந்த மாதக் கடைசிக்குள் நாய் வாயை மூட வேண்டும், இல்லையென்றால் நாயை அனுப்ப வேண்டும் என்று உரிமையாளர் அந்தத் தாளின் ஒரு நகலைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

"எப்படியாவது பண்ணுங்க மாஸ்டர். இதை அனுப்ப என்னால முடியாது" என்றார் வெல்டர். அந்தப் பெரிய உடம்புக்குள்ளிருந்து குரல் அவ்வளவு சின்னதாக வந்தது.

மாஸ்டரிடம் ஒரு நோட்டு உண்டு. எந்த நாயாவது தேவையில்லாமல் குரைத்தால் முதலில் ஒரு வாரம் எதுவும் சொல்லித்தர மாட்டார். குரைப்புக்கு முன்னால் என்ன நடந்தது, யார் அசைந்தார்கள், என்ன வாசனை வந்தது என்று எழுதிக்கொண்டே இருப்பார். காரணம் தெரியாமல் நாயின் வாயை மூடக்கூடாது என்பது அவர் தொழிலில் அவரே போட்டுக்கொண்ட சட்டம். பட்டனுக்கு அந்த நோட்டைத் திறக்கக்கூட இல்லை. சின்ன நாய் குரைக்கக் காரணம் வேறு வேண்டுமா என்ன? அதன் பிறப்பே அப்படி என்று நேரடியாகப் பாடத்துக்குப் போய்விட்டார்.

விரலை உயர்த்தினால் வாயை மூட வேண்டும். மூடினால் ஒரு துண்டு இறைச்சி. மீறிக் குரைத்தால் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பெரிய நாய்களுக்கு ஒரு மாதம் பிடிக்கிற பாடத்தைப் பட்டன் ஒன்பது நாளில் கரைத்துக் குடித்துவிட்டது. மாஸ்டருக்கே ஆச்சரியம்தான், ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அவர் மனசெல்லாம் வெல்டர் விஷயத்தில் இருந்தது. தெருமுனை மெக்கானிக்கிடம் விசாரித்தார், அயர்ன்காரரிடம் விசாரித்தார். "தினமும் கிண்டல் பண்றோம் மாஸ்டர். 'அண்ணே, நீங்க நாயைக் கூட்டிட்டுப் போறீங்களா, நாய் உங்களைக் கூட்டிட்டுப் போகுதா?'ன்னு கேட்டா, 'அதுதான் கூட்டிட்டுப் போகுது'ன்னு சிரிச்சிட்டே போயிடுவாரு" என்றார் மெக்கானிக்.

பன்னிரண்டாம் நாள் காலை, தெருவில் சோதனை. வெல்டர் பட்டனோடு நடந்தார். மாஸ்டர் எதிர்ப்பக்க நடைபாதையில் வந்தார். தூரத்திலிருந்து கவனித்தால்தான் சரியாகத் தெரியும் என்று வெல்டரிடம் சொல்லியிருந்தார். பொய். பொமேரியனோடு போகிற கும்பலில் தன்னையும் ஒருத்தனாக யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம், வேறொன்றும் இல்லை.

மெக்கானிக் கடைக்கு எதிரே பட்டன் நின்றது. திரும்பி வெல்டரின் முழங்காலில் இரண்டு முன்னங்காலையும் வைத்துப் பிறாண்டியது. வாயைத் திறந்தது. திறந்த வாயோடு சாலைக்கு இந்தப்புறம் இருந்த மாஸ்டரைப் பார்த்தது.

மாஸ்டர் விரலை உயர்த்தினார்.

பட்டன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. மெக்கானிக் பக்கம் திரும்பி, "பாத்தியா? எப்பேர்ப்பட்ட வாயாடி, ஒத்த விரல்ல அடங்கிடுச்சு" என்றார்.

"அது நடுங்குதே மாஸ்டர்."

"காலைக் குளிரு. சின்ன நாய்தானே, தாங்காது."

எதிரே வெல்டர் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இரும்பு கேட்டு எங்கப்பா போச்சு? இங்கதானே நிறுத்தினேன்" என்று யாரிடமோ கேட்டார். பிறகு அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தார்.

மாஸ்டர் ஓடினார். நடுவில் ஒரு வேன், ஒரு சைக்கிள். அந்தப் பத்தடிச் சாலையைக் கடக்க அவருக்கு ஒரு யுகம் ஆனது போலிருந்தது. போய்ச் சேர்ந்தபோது பட்டன் வெல்டரின் தலைமாட்டில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் இருந்தது. சத்தமே இல்லை. உடம்பெல்லாம் உதறிக்கொண்டு, மாஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெல்டரின் போனிலிருந்து மெக்கானிக் அவர் மனைவியை அழைத்தார். "சக்கரை குறைஞ்சிருக்கும்! ஊசி போட்டுட்டுச் சரியாச் சாப்பிடாம வந்துட்டாரு. நினைவு இருக்கா? இருந்தா இனிப்பா ஏதாவது குடுங்க, சீக்கிரம்!" என்று அவள் கத்தியது போனுக்கு வெளியே கேட்டது. பக்கத்துக் கடையிலிருந்து குளிர்பானத்தைக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் வெல்டர் கண்ணைச் சரியாகத் திறந்து, "பட்டன் எங்க?" என்றார். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததும், மாலையில் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாஸ்டர் வெல்டரின் சர்க்கரைக் கருவியைக் கேட்டு வாங்கினார். அதில் பழைய எண்கள் தேதியோடும் நேரத்தோடும் இருந்தன. பக்கத்தில் கீழ் வீட்டுக்காரர் எழுதிக்கொடுத்த தாளை விரித்தார். தாளில் இருந்த குரைப்புகளில் ஐந்துக்கு, ஒட்டிய நேரத்தில் கருவியில் எண் இருந்தது. ஐந்தும் குறைவு.

"குரைச்சா என்ன பண்ணுவீங்க?" என்று மாஸ்டர் கேட்டார்.

"பசிக்குதோன்னு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பேன். அதுக்கு ஒண்ணு குடுத்துட்டு, நான் நாலு தின்னுடுவேன்."

"சக்கரை குறையறதை இது வாசனையிலயே கண்டுபிடிச்சிருக்கு. நாலு பிஸ்கட் தின்னதாலதான் நீங்க இதுவரைக்கும் விழல" என்றார் மாஸ்டர். மூன்று கிலோ ஜீவன் இத்தனை நாளாகத் தொண்டை கிழியச் சொன்னதை, ஊரில் இல்லாத கெட்டிக்காரன் மாதிரி வந்து விரலை நீட்டி நிறுத்தியிருக்கிறார். இந்த ஆளுக்கு ஏன் இந்த நாய் என்று தெருவெல்லாம் விசாரித்தவர், இந்த நாய் ஏன் குரைக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தப்பு என்னுதுங்க. காரணம் எழுதாம நான் எந்த நாய்கிட்டயும் போனதில்ல. இது சின்ன நாய்ங்கற இளக்காரத்துல போயிட்டேன்" என்று வாய்விட்டே சொன்னார்.

கீழ் வீட்டுக்காரரிடம் வெல்டரின் மனைவி போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் நல்ல மனுஷன். "குரைக்கட்டும்மா. நான் காதுல பஞ்சு வச்சுக்கறேன். ஓனர்கிட்டயும் சொல்லிடறேன்" என்றார். எல்லாம் சரியாகிவிட்டது. பட்டன் மட்டும் குரைக்கவில்லை.

மாஸ்டர் தினமும் வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "குரைடா ராஜா, ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினார். தானே குரைத்துக் காட்டினார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒருநாள் அவர் இருக்கும்போதே வெல்டரின் நெற்றி வியர்த்தது, கருவி அறுபத்தெட்டு காட்டியது, குறைவுதான். பட்டன் எழுந்து வெல்டரிடம் போனது, பிறாண்டியது, வாயைத் திறந்தது. உடனே கழுத்தைத் திருப்பி மாஸ்டரின் கை எங்கே என்று தேடியது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நல்ல பிள்ளை, பாடத்தை மறக்கவே இல்லை.

வெல்டரின் மனைவி வாசல்வரை கூடவே வந்தாள். "மாஸ்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க இருந்தா அது உங்க கையைத்தான் பாக்குது. கொஞ்ச நாளைக்கு வராதீங்க. நானும் அவரும் பாத்துக்கறோம்."

"எப்ப வரட்டும்?"

"குரைச்சா நானே சொல்றேன்."

இத்தனை வருஷத்தில் எந்த வீட்டிலும் அவரை வராதே என்று சொன்னதில்லை. அவள் சொன்னது நியாயம் என்பதால்தான் அவருக்கு அதிகம் வலித்தது. அன்றிலிருந்து போன் அடித்தாலே யார் எண் என்று முதலில் பார்த்தார். மறுபடி விழுந்துவிட்டார் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்களோ என்று பயந்து பயந்து எடுத்தார். ஒரு வாரம் போனது. இன்னும் நான்கு நாள் போனது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் ஒரு பங்களா வளாகத்தில் கன்றுக்குட்டி மாதிரி ஒரு நாயை உட்கார வைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. வெல்டரின் மனைவி எண். எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. கீச்சுக் குரலில், விடாமல், மூச்சு வாங்க, ஒரு குரைப்பு. நடுவில் எங்கோ பிஸ்கட் பாக்கெட் பிரிகிற சத்தம்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மாஸ்டர் அப்படியே புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவில்லை.

பங்களாக்காரர் அருகில் வந்து காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "என்ன மாஸ்டர், பொமேரியனா? அதெல்லாம் ஒரு நாயா?"

"கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்றார் மாஸ்டர். "கேக்க விடுங்க."