கனகசபை கோப்பி போட்டபோது

உர்சுலா கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனியின் கணினிப் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை பார்த்தாள். நெட்வொர்க் சான்றிதழ் உள்ளவருக்குத்தான் பிரிவின் தலைமை என்று 1998-இல் மேலாளர் சொல்லிவிட்டார். தலைமை இல்லாமலேயே அந்த வேலையை இரண்டு வருஷமாக அவள்தான் செய்துவந்தாள். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. பரீட்சைக்குப் பணம் கட்டினாள்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் நடந்தது. ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. ஆறு பேர். ஆளுக்கு ஒரு மேசை, மூன்று கணினி, இரண்டு ரூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு கூடை நிறையக் கேபிள். எல்லாவற்றையும் இணைத்து, ஒரு கணினியில் இருக்கும் கோப்பை இன்னொன்றில் திறந்து காட்ட வேண்டும். கடைசியில் அதை அச்சடிக்க வேண்டும். எண்பது மார்க் எடுத்தால் பாஸ்.

கேபிளுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் என்று உர்சுலா வீட்டிலேயே திட்டம் போட்டிருந்தாள். ஒவ்வொன்றாகச் சோதித்ததில் இரண்டு கேபிள் செத்திருந்தன. பக்கத்து மேசைக்காரர் யோகநாதன், அரசாங்க இலாகாவில் இருபது வருஷ சர்வீஸ், ஐந்தே நிமிஷத்தில் எல்லாவற்றையும் செருகிவிட்டுத் தட்டச்சில் இறங்கினார். பத்தரை மணிக்கு அவர் மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

பதினொன்று ஐம்பதுக்கு உர்சுலா முதல் ரூட்டரை முடித்துச் சேமித்துவிட்டாள். இரண்டாவதில் அடிக்க இன்னும் நான்கு வரிக் கட்டளைதான் பாக்கி. சேமிக்காவிட்டால், கரண்ட் போனதும் ரூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். நான்கு வரிதானே, முடித்துவிட்டுச் சேமிக்கலாம் என்று நினைத்தாள்.

அப்போதுதான் மேற்பார்வையாளர் கனகசபை கோப்பி போடக் கெட்டிலைச் செருகினார். அறை இருண்டது. விசிறிகள் மெல்ல நின்றன.

ஃபியூஸ் பெட்டியைக் கண்டுபிடிக்க ஏழு நிமிஷம் ஆனது. திரும்பி வந்த கனகசபை நிதானமாகச் சொன்னார். "கரண்ட் கட் ஆவறதெல்லாம் நெட்வொர்க்ல சகஜம்தான். டைம் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

யோகநாதன் எழுந்து நின்றார். "கரண்ட் கட் ஆவல, சார். நீங்க கோப்பி போட்டீங்க."

விதிமுறைப் புத்தகம் வேண்டும் என்றார். புத்தகம் வந்தது. அதில் கெட்டிலைப் பற்றி எதுவும் இல்லை. அப்படியானால் தலைமை அலுவலகத்துக்குப் போன் போடுங்கள் என்றார். சனிக்கிழமை என்பதால் அங்கே எடுக்க ஆள் இல்லை. யோகநாதன் உட்காரவில்லை. கனகசபை மறுபடியும் எண்ணைச் சுழற்றினார்.

உர்சுலா கணக்குப் போட்டாள். பிரிண்டருக்குப் பதினைந்து மார்க், கோப்புக்கு நாற்பது. பிரிண்டரை விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். விட்டால் பாஸாவது கஷ்டம் என்று தெரியும். கோப்பு திறக்காவிட்டால் நிச்சயமாக இல்லை. இரண்டாவது ரூட்டருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்தாள், இந்த முறை இரண்டு வரிக்கு ஒருதரம் சேமித்தபடி. பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குக் கோப்பு திறந்தது.

அதே நேரம், ஒருவழியாகத் தலைமை அலுவலகத்தில் யாரோ எடுத்துப் பேச, கனகசபை போனை வைத்தார். எல்லாருக்கும் இருபது நிமிஷம் கூடுதல் என்று அறிவித்தார். யோகநாதன் நன்றி சொல்லிவிட்டு மேசைக்குப் போனார். ஒரு மணி நேரம் சண்டை போட்டவருக்கு இருபத்தைந்து நிமிஷம் மிச்சம் இருந்தது. உர்சுலாவின் பிரிண்டர் ஒருமுறை தாளை மென்றுவிட்டு, இரண்டாவது தாளை ஒன்று பதினெட்டுக்கு அச்சடித்துத் தந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. எண்பத்து மூன்று. மேலாளர் கைகுலுக்கினார், வேலை மாறவில்லை, கதவில் பெயர் மாறியது. அன்று மத்தியானமே அவள் யோகநாதனின் இலாகாவுக்குப் போன் செய்தாள்.

"பிரிண்டர் பதினஞ்சு மார்க்தான் அண்ணே என்னைக் காப்பாத்துச்சு. அது நீங்க வாங்கிக் குடுத்த டைம்லா."

தனக்கு ஐம்பத்தொன்பது என்றார் யோகநாதன். நவம்பரில் மறுபடியும் பரீட்சைக்கு உட்காரப் போவதாகச் சொன்னார்.

"இந்தத் தடவை நான் வாயே திறக்கப் போறதில்ல. எனக்காக யாரு சண்டை போடுவாங்கன்னுதான் தெரியல."

தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள் உர்சுலா. அன்றைக்குத் தனக்கு லீவுதான் என்றாள்.