மருந்து இறங்கும் நேரத்தில் எழுதியது

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி பூவிழியின் கையில், முழங்கைக்குச் சற்று மேலே, ஒரு மெல்லிய குழாய் செருகியிருக்கிறது. அதன் வழியாகத் தினமும் காலையில் நான் அவளுக்கு ஆன்டிபயாடிக் மருந்து ஏற்றுகிறேன். ஜன்னல் கம்பியில் பை தொங்கும், மருந்து சொட்டும். முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது சேலம் ஆஸ்பத்திரியில் நிர்மலாதேவி சிஸ்டர் போட்ட உத்தரவு. உடம்பில் தடிப்பு வருகிறதா, மூச்சு வாங்குகிறதா, உதடு வீங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். வந்தால் உடனே குழாயை மூடிவிட்டு 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் முகத்தை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. அவளுக்கே பொறுக்கவில்லை.

“என்னாங்க, திருடனப் பாக்கற மாதிரி பாக்கறீங்க? எதையாவது எழுதுங்க. அப்பப்ப நிமிந்து பாத்தா போதும்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கு அரூரில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வாய்க்கால் தகராறு என்று எல்லாவற்றுக்கும் மனு எழுதிக் கொடுப்பேன். நடுவில் பத்திரிகைகளுக்குக் கதையும் அனுப்புவேன். மனுவில் ஒரு வசதி உண்டு. அனுப்புநர், பெறுநர், ஐயா என்று போட்டால் பாதி வேலை முடிந்தது. கதையில் ஐயா என்று எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

(நிமிர்ந்து பார்த்தேன். உதடு வீங்கவில்லை. உதட்டைச் சுழித்து என்னைக் கிண்டல் செய்கிறாள்.)

2

முதல் தொடக்கம்: ‘மாதேஸ்வரன் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது தீர்த்தமலைக்கு மேலே வெயில்—’

வேண்டாம். மருந்து ஏற்றுவதற்காகக் கை கழுவுகிறவன் மலையைப் பார்க்க மாட்டான். விரல் இடுக்கில் சோப்பு போனதா என்றுதான் பார்ப்பான்.

இரண்டாம் தொடக்கம்: ‘ராமக்காளின் கால் எலும்புக்குள் சீழ் பிடித்திருந்தது.’

உண்மைதான். ஆனால் இதைப் படிக்கிற நீங்கள் ஒருவேளை சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம்.

மூன்றாம் தொடக்கம்: ‘மாதேஸ்வரனுக்கு ஊசி என்றாலே கைகால் உதறும்.’

இது நிற்கும் போலிருக்கிறது, ஏனென்றால் எனக்கு உதறும்.*

* மாதேஸ்வரனும் ராமக்காளும் யார் என்று கேட்பீர்கள். நாங்கள்தான். “எம்பேரப் போட்டீங்கன்னா கோவம் வந்துடும்” என்று பூவிழி சொல்லிவிட்டதால் வேறு பெயர் வைத்தேன். ஆனால் இந்த அடிக்குறிப்பிலும் எண் போட்ட பகுதிகளிலும் அவள் பெயர் வந்துவிட்டது. அதைப் பிறகு அடித்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோட்டில் வண்டிகள் ஏறி மிதித்துக் காய் உதிரட்டும் என்று யாரோ கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். பூவிழியின் ஸ்கூட்டர் அதில் வழுக்கியது. கால் முறிந்து, பிளேட் வைத்து, தையல் பிரித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தபோது காய்ச்சல் வந்தது. கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். மாத்திரைக்கு அடங்காது, வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து போக வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது. விட்டால், அல்லது மருந்து வேலை செய்யாமல் போனால், கால் மிஞ்சுமா என்று இப்போது சொல்ல முடியாது.

பூவிழி டெய்லர். எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அவள் தைத்தது. அவள் மெஷின் மிதிக்கிற மெஷின். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

3

மாதேஸ்வரன் கையை அலம்பி, சுத்தமான துண்டில் துடைத்தான். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். ராமக்காளின் பெயர் இருந்தது. தேதி சரி. மருந்து கலங்கவில்லை, தூசு மிதக்கவில்லை, பை எங்கும் ஒழுகவில்லை. குழாயின் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் தேய்த்துவிட்டுக் காயவிட்டான். ஊதிக் காயவைக்க வாய் போனது, சிஸ்டரின் முகம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டான். முதலில் சலைன் ஏற்றிக் குழாயைக் கழுவினான். பிறகு பையை மாட்டினான். ராமக்காள் கண்ணீர் மல்க அவனை—

“எதுக்கு மல்கறா?” என்றாள் பூவிழி. நான் எழுத எழுத வாய்விட்டுப் படிப்பது வழக்கம்.

“புருஷன் இவ்ளோ செய்யறான், ஒரு நன்றி வேண்டாமா?”

“நான் எப்பங்க மல்குனன்? அவ என்னா வாயில்லாப் பூச்சியா? பேச வைங்க.”

“என்ன பேசுவா?”

“‘பஞ்ச எங்கியோ வெச்சிட்டுத் தேடறியே, உன்ன நம்பித்தான் கடையில மனு எழுதக் குடுக்கறாங்களா’ன்னு கேப்பா.”

மாதேஸ்வரன் மனு எழுதுகிறவன் இல்லை, கதையில் அவன் லாரி டிரைவர் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் அவன் கை இப்படி நடுங்காது என்றாள். அதுவும் சரி. அவனை டைப்பிங் கடைக்கே மாற்றிவிட்டேன். கண்ணீர் மல்குவதை அடித்துவிட்டேன். அடித்த கோடு தெரியட்டும் என்றுதான் அந்த வாக்கியத்தை மேலே விட்டு வைத்திருக்கிறேன்.

4

எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற ஆளை வைத்துக் கதை எழுத முடியாது. அது ஆஸ்பத்திரி நோட்டீஸ் ஆகிவிடும். ஒரு தப்பு நடக்க வேண்டும். யோசித்தேன். சிஸ்டர் பயிற்சி கொடுத்தபோது சொன்னது ஞாபகம் வந்தது. வாரத்துக்கு ஒரு தடவை சேலம் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, மருந்து கலந்த பைகளை ஐஸ் பெட்டியில் வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைக்கிறோம். ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுத்து வெளியே வைக்க வேண்டும். தானாகக் குளிர் விட வேண்டும். சுடுதண்ணீரில் போடக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, மருந்தின் வீரியம் கெட்டுவிடும்.

கிடைத்தது தப்பு! அந்தத் தப்பை மாதேஸ்வரன் தலையில் கட்டினேன். குளிர்ந்த மருந்து உள்ளே போனால் ராமக்காளுக்குக் கை விறைக்கிறது. பாவம் பார்த்து அவன் தினமும் பையைச் சுடுதண்ணீரில் போட்டு எடுக்கிறான். பிரியத்தால் வந்த கேடு. எழுதும்போதே எனக்குப் புல்லரித்தது. வழக்கமாக அனுப்புவதைவிடப் பெரிய பத்திரிகைக்கே அனுப்பலாம் என்று தோன்றியது.

பாதிப் பை இறங்கியிருந்தபோது படித்துக் காட்டினேன். பூவிழி வழக்கம்போலக் குறை எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

“அப்பறம் ராமக்காளுக்கு என்னாவுது?” என்று கேட்டாள்.

“மருந்து வேலை செய்யாது இல்ல? காலை எடுத்துடுவாங்க. கதைக்கு அதுதான் நல்லா இருக்கும்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தடிப்பு, மூச்சு, உதடு என்று பதறிப்போய் எழுந்தேன். அதெல்லாம் இல்லை, அழுகிறாள்.

“நாந்தாங்க போட்டன்.”

“என்ன போட்ட?”

“சுடுதண்ணில. நீங்க பைய வெளிய வெச்சிட்டுக் குளிக்கப் போவீங்க இல்ல, அப்ப. சொம்புத் தண்ணில முக்கித் தொடச்சி வெச்சிடுவன்.”

“கடைய நேரங்கழிச்சித் தொறக்கறீங்கன்னு எல்லாரும் பக்கத்துக் கடைக்குப் போறாங்கன்னு சொன்னீங்க. வூட்ல ஒரு ஆள் படுத்துக்கினு, உங்க பொழப்பயும் கெடுத்துக்கினு… சீக்கிரம் ஏத்திட்டா சீக்கிரம் கெளம்புவீங்கன்னு நெனச்சன். வேற ஒன்னுமில்லீங்க.”

சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது பூவிழியை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போயிருந்தார்கள். பையை நான்தானே தொடப்போகிறேன் என்று இதை அவளிடம் நான் சொல்லவில்லை. பை சீக்கிரம் குளிர் விட்டதைப் பார்த்து எங்கள் பழைய ஃபிரிட்ஜுக்குச் சக்தி போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதையில் மாதேஸ்வரனை முட்டாள் என்று எழுதியிருந்த வரி கையில் இருந்தது. நடக்க முடியாதவள், வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் சுடுதண்ணீர்ச் சொம்போடு அடுப்படியிலிருந்து எப்படி வந்தாள் என்று நினைத்தபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இவ்வளவு நேரமும் அந்த மருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

5

(இந்தப் பகுதியை நான் கதையாக எழுதவில்லை. மாதேஸ்வரனும் ராமக்காளும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும்.)

“மொதல்ல குழாயில இருக்கற கிளாம்ப மூடுங்க” என்றார் நிர்மலாதேவி சிஸ்டர் போனில். “மூடிட்டீங்களா? சலைன் போட்டுக் குழாயக் கழுவுங்க. அந்தப் பையத் தூக்கிப் போடாதீங்க, வரும்போது எடுத்துட்டு வாங்க. காய்ச்சல் இருக்குதா? உடம்புல எதாவது?”

“இல்ல சிஸ்டர்.”

“டாக்டரக் கேட்டுட்டுக் கூப்பிடறன். அதுவரைக்கும் நீங்களா ஒன்னும் செய்யாதீங்க.”

மறுபடி கூப்பிட்டார். வேறு பையை வெளியே எடுத்து வைத்து, அதுவாகக் குளிர் விட்ட பிறகு ஏற்றச் சொன்னார். நாளை சேலம் வர வேண்டும். போனைப் பூவிழியிடம் கொடுக்கச் சொன்னார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏம்மா, சுடுதண்ணில போட என்ன பிரியாணிப் பொட்டலமா அது?”

“தப்புதாங்க சிஸ்டர்.”

“தப்புதான். ஆனா மறைக்காம சொன்ன பாரு, அதுக்கு உன்னத் திட்ட மாட்டன். சொல்லாம விட்டிருந்தீன்னா மருந்துக்குக் கிருமி மசியலன்னு நாங்க வேற எங்கியோ தேடிக்கிட்டு இருப்பம். அழாத. சாப்பிட்டியா?”

அன்று கடை திறக்கவில்லை. பையை மேஜையில் வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அதைக் காவல் காத்தோம். நான் குளிக்கக்கூடப் போகவில்லை. “போங்க, தொட மாட்டன்” என்றாள். அதற்காக இல்லை, எனக்கு அவளை விட்டு எழுந்து போக மனம் வரவில்லை. அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். இப்படியெல்லாம் நான் பேசுகிறவன் இல்லை என்பதால் அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் சேலத்தில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வீரியம் கொஞ்சம் குறைந்த மருந்தே போதுமானதாக இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். கிருமி தப்பித்திருக்கவும் செய்யலாம். அப்படியென்றால் காலை மறுபடி திறந்து சுத்தம் செய்ய வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புதுப் பைகளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

6

ஆகையால் என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. இன்றைய பை இறங்கிக்கொண்டிருக்கும்போது எழுதினேன்.

முடிவு அ: ‘ரிசல்ட் நல்லபடியாக வந்தது. குழாயை எடுத்த அன்றைக்கே ராமக்காள் மெஷினில் உட்கார்ந்தாள். மாதேஸ்வரன் குனிந்து அவள் பாதத்தை மிதிபலகையில் எடுத்து வைத்தான். முதல் மிதியிலேயே நூல் அறுந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத அவன் ஒருவழியாகக் கோத்துக் கொடுத்தான்.’

முடிவு ஆ: ‘ராமக்காள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாகக் கிடந்தது. தைக்கக் கொடுத்தவர்கள் வந்து துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். மெஷினுக்கு மேலே ஒரு பழைய புடவையைப் போட்டு மூடியிருந்தது. வெளியே பஸ் போகும் சத்தம் கேட்டது.’

இரண்டாவதைப் படித்துக் காட்ட வேண்டாம் என்றுதான் இருந்தேன். மறைக்காமல் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. மாதேஸ்வரன் எங்க?”

“எதுல?”

“ரெண்டாவதுல. மொதல்ல கால எடுத்து வெக்கறாரு, நூல் கோக்கறாரு. ரெண்டாவதுல அவரக் காணமே. எங்க போயிட்டாரு?”

திரும்பப் படித்துப் பார்த்தேன். உண்மைதான். போர்வையை எழுதியிருக்கிறேன், துணி கொடுத்தவர்களை எழுதியிருக்கிறேன், பஸ்ஸைக்கூட எழுதியிருக்கிறேன். அவன் இல்லை. வேண்டுமென்று விடவில்லை. அந்த அறையை நினைத்தபோது எனக்குள் அவ்வளவு பயம் இருந்திருக்கிறது, அதில் என்னை நான் வைத்தே பார்க்கவில்லை.

“கால் போனா பரவால்லன்னு நான் சொல்ல மாட்டங்க. போவக்கூடாது. எனக்கு பயமாத்தான் இருக்குது. ஆனா அப்படியே ஆனாலும் அந்த ரூம்ல நான் தனியா உக்காந்துக்கினு பஸ் சத்தம் கேக்க முடியாது. உள்ள வாங்க. மொதல்ல அத எழுதுங்க.”

இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையில் மருந்து இறங்கிக்கொண்டிருந்ததால் அதை அசைக்கக் கூடாது.

எழுதிவிட்டேன். அழகாக வரவில்லை. ‘பக்கத்தில் மாதேஸ்வரன் இருந்தான்’ என்று மட்டும்தான் எழுத வந்தது. பிறகு மாதேஸ்வரனை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். சந்திரமோகன் இருந்தான். ராமக்காளையும் அடித்துவிட்டேன்.

எந்த முடிவு என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்குத் தெரியாது. நீங்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முதலாவதை வைத்துக்கொள்ளுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவதைத்தான் வைப்பேன் என்றாலும் வையுங்கள். அதிலும் நான் இருக்கிறேன்.