பதினாலாம் நம்பர் பெட்டி

"சார், நீங்க வண்டியில அதிகபட்சமா எவ்வளவு வேகம் போயிருக்கீங்க?" என்று அந்தப் பெண் கேட்டபோது என் வாயில் டீ இருந்தது. அதை விழுங்குகிற நேரத்துக்குள் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். விழுங்கிவிட்டு, "நூத்தி இருபது," என்றேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. பெட்ரோல் பங்க்கில், காற்றடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். அவள் கழுத்தில் 'சாலைப் பாதுகாப்பு ஆய்வு' என்று ஓர் அட்டை தொங்கியது. கேள்வித்தாளை என் வண்டியின் சீட் மேலேயே வைத்து எழுதிக்கொண்டிருந்தவள், பேனாவை நிறுத்திவிட்டு வண்டியை முன்னும் பின்னுமாக ஒருமுறை பார்த்தாள். அந்த வண்டி என் மகளைவிட நாலு வயது மூத்தது. ஐம்பதைத் தொட்டால் குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கும். அறுபதைத் தொட்டதாக வரலாறு இல்லை.

"இந்த வண்டியிலயா சார்?"

"இறக்கத்துல," என்றேன் அடக்கமாக.

பின்னால் நின்ற சங்கத்து நண்பர்கள் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் நம்பினார்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் தண்ணீர் மீட்டர் படிக்கிற வேலையில் இருந்தவன். மீட்டர் காட்டியதற்கு மேல் ஓர் எண்ணைக்கூட எழுத உரிமையில்லாமல் முப்பத்திரண்டு வருஷம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓய்வுபெற்ற மறுநாளே, உள்ளே அடைபட்டுக் கிடந்த எண்களெல்லாம் குழாய் உடைந்த மாதிரி பீறிட்டுவிட்டன. மீட்டர் பார்க்கப் போன இடங்களில் என்னைத் துரத்திய நாய்கள் நானூறு. அதில் இருநூறு ஓநாய்க்குப் பிறந்தவை. வண்டியில் என் வேகம் நூற்றிருபது. சனிக்கிழமைக் கூட்டத்தில் என் பெயரே 'நூத்திருபது'தான். எங்கள் சங்கம் வண்டி ஓட்டுவதற்காக ஏற்பட்டதல்ல, ஓட்டியதைப் பேசுவதற்காக ஏற்பட்டது. அதனால் யாரும் என் பின்னால் வந்து வேகம் காட்டுகிற முள்ளைப் பார்த்ததில்லை. பார்த்தவள் ஒருத்திதான், என் மனைவி. ஓடுகிற வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊசியில் நூல் கோப்பாள். ஒருநாளும் தவறியதில்லை.

அந்தப் பெண் அடுத்த பக்கத்துக்குப் போனாள். இந்த வாக்கியங்களை ஒப்புக்கொள்கிறீர்களா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள். வேக கேமராக்கள் அபராதம் வாங்குவதற்காகத்தான் வைக்கப்படுகின்றன. ஐந்து. திறமையான ஓட்டுநருக்கு வேகத்தால் ஆபத்தில்லை. ஐந்து. பக்கத்திலேயே நின்று என் மாப்பிள்ளையும் தன் தாளில் ஐந்து, ஐந்து என்று எழுதிக்கொண்டே வந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து எழுதினார்.

"வேகத்தைக் குறைச்சா பாதி உயிர் பிழைக்கும்னு போர்டு வெச்சிருக்காங்களே," என்றார் சங்கத்து மெக்கானிக், "எந்தப் பாதி? இடுப்புக்கு மேலயா, கீழயா?"

"வேகம் கொல்றதில்லீங்க. பயம்தான் கொல்லுது," என்றார் மாப்பிள்ளை. "மாமா நாப்பது வருஷமா நூத்திருபதுல போறாரு. ஒரு கீறல் உண்டா?" அவருக்கு முப்பத்தொரு வயது. வண்டி புதுசு, சத்தம் காட்டுப்பன்றி மாதிரி. நேர் ரோட்டில் நிற்கிற கேமரா கம்பத்தைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "கம்பத்துக்கு முன்னாடி எல்லாரும் நல்லவங்க. கம்பம் தாண்டினதும் முறுக்கணும். அவ்வளவுதான் சட்டம்."

காற்று மெஷின் மேல் சாய்ந்திருந்தவரை நாங்கள் 'விசில்' என்று கூப்பிடுவோம். முப்பது வருஷம் டிராஃபிக் போலீஸாக இருந்தவர். எப்போதாவதுதான் வாயைத் திறப்பார். அன்றைக்குத் திறந்தார்.

"நான் எத்தனையோ பேரை நிறுத்தியிருக்கேன். நூத்திருபதுல வந்தவன் எவனும் நூத்திருபதுன்னு சொன்னதில்ல. நாப்பதுதான் சார்னு சொல்லுவான்." என்னைப் பார்த்து டீயை ஒரு மடக்கு குடித்தார். "நூத்திருபதுன்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான்."

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்தப் பெண் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் இரண்டு கறுப்புப் பெட்டிகளை எடுத்தாள். சீட்டுக்கு அடியில் மாட்டினால் மறுநாள் காலையிலிருந்து ஏழு நாள் ஓட்டம் அத்தனையும் பதிவாகுமாம். வேகம், பிரேக், இடம், நேரம், வண்டியின் சாய்வு எல்லாம். சொன்னதும் ஓட்டியதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டுமாம். பெயர் வெளியே வராது, அபராதம் கிடையாது, விருப்பமுள்ளவர்கள் மட்டும். என் விருப்பத்தை நான் சொல்வதற்கு முன்னாலேயே மாப்பிள்ளை என் கையைப் பிடித்து உயரே தூக்கிவிட்டார். "மாமாவும் நானும்."

என் வண்டிக்குப் பதினாலாம் நம்பர், அவர் வண்டிக்குப் பதினைந்து.

மீட்டரோடு வாழ்க்கையைக் கழித்தவனுக்கு மீட்டரைப் பற்றித் தெரியும். அதற்கு முகத்தாட்சண்யம் கிடையாது. அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் எல்லார் முன்னாலும் படிக்கப்போகிறாள், முப்பதோ நாற்பதோ என்று. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சீட்டுக்கு அடியில் அந்தப் பெட்டி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தது. அந்தப் பயத்தில் முப்பத்தைந்துக்கு மேல் போக முடியவில்லை.

மத்தியானம் மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். நேர் ரோட்டின் அந்தக் கோடியில் அவர்கள் வீடு. எங்கள் வாசலில் என் வண்டியும் அவர் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவர் வண்டிச் சாவி மேஜை மேல் கிடந்தது. மாப்பிள்ளை இரண்டாம் தடவை சோறு கேட்ட நேரத்தில் நான் வாசலில் இருந்தேன். இரண்டு சீட்டையும் தூக்கி, இரண்டு பெட்டியையும் மாற்றி மாட்ட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யாருக்கு என்ன நஷ்டம்? என் பெயர் நிற்கும். அவர் பெயருக்குக் கீழே ஒரு சாதுவின் சரித்திரம் பதிவாகும். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

கையில் ஒட்டிய கிரீஸைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, அவர்கிட்ட உங்க கதையெல்லாம் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"எந்தக் கதை?"

"நூத்திருபது. நான் பாட்டுக்கு மெதுவா போங்கன்னா, உங்கப்பா இந்த வயசுல போறாரு, உனக்கென்ன பயம்னு கேக்குறாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குரல் மட்டும் சிரிக்கவில்லை. "அவர் நம்புறாருப்பா. தினம் காலையில ஆபீஸுக்குப் பின்னாடி உக்காந்து போறது நான்தான்."

"சொல்றேன் கண்ணு, பக்குவமா சொல்றேன்," என்றேன். சோப்பை இன்னொரு முறை தேய்த்தேன். பெட்டிகளைத் திரும்ப மாற்ற இன்னும் நேரமிருந்தது. உள்ளே மாப்பிள்ளை மோர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மாற்றவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் மட்டும் பஸ்ஸில் வந்தாள். இடது முழங்கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அலமாரிக் கதவு இடித்துவிட்டதாம். என் மனைவி துணியை அவிழ்த்துப் பார்க்கப் போனாள், மகள் கையை இழுத்துக்கொண்டாள். "கதவு எப்படிம்மா தோலை இவ்வளவு தூரம் உரிக்கும்," என்று மனைவி கேட்டதும் காதில் விழுந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அலமாரிக் கதவொன்று ஒருமுறை என்னைத் தூக்கியெறிந்ததைப் பற்றி ஒரு கதை சொல்லி இரண்டு பேரையும் சிரிக்கவைக்கப் பார்த்தேன். மகள் சிரித்தாள், கொஞ்சம் அதிகமாகவே.

சனிக்கிழமை வந்தது. அந்தப் பெண் பெட்டிகளைக் கழற்றி, நம்பரைப் பார்த்து, மடிக்கணினியில் செருகினாள். கையடக்கமான ஒரு மெஷின் இரண்டு தாள்களைத் துப்பியது.

"பதினஞ்சு முதல்ல." மாப்பிள்ளையிடம் ஒரு தாளை நீட்டினாள். "ஏழு நாள்ல அதிகபட்ச வேகம் முப்பத்தெட்டு."

மெக்கானிக் கையிலிருந்த டயரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "மாப்பிள்ளை, வண்டியை ஓட்டினீங்களா, இல்ல கையில புடிச்சுக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"பெட்டி ரிப்பேருங்க," என்றார் மாப்பிள்ளை, காது சிவக்க. "இவங்க கேமராவும் இந்த லட்சணம்தான். இதை நம்பித்தான் நமக்கு ஓலை அனுப்புறாங்க. மாமாவோடதைப் படிங்க, தெரியும்."

"பதினாலு." அவள் தாளைப் பார்த்தாள். தாளில் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி இறங்கியது. ஓர் இடத்தில் மட்டும் மலை உச்சியிலிருந்து நேரே கிணற்றுக்குள் விழுந்திருந்தது. "சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஏன்?"

"வியாழக்கிழமை காலையில எட்டு நாப்பத்தொண்ணு. நேர் ரோட்ல, கேமரா கம்பம் தாண்டி. நூத்திநாலுல போயிட்டிருந்திருக்கீங்க. அங்கேருந்து நாலே செகண்ட்ல சைபர். அதுக்கப்புறம் பெட்டி சாஞ்சிருக்கு, இடது பக்கமா. வண்டி படுத்திருக்கணும். ஆறு நிமிஷம் நகரவே இல்ல." தாளை என் கையில் கொடுத்தாள்.

"போடு," என்றார் மெக்கானிக். டயரை இழுத்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். "சொல்லுங்க நூத்திருபது. குறுக்க வந்தது யாரு? யானையா?"

பதினோரு வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த தருணம் அது. கையில் அத்தாட்சியோடு ஒரு கதை. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு நாற்பத்தொன்று. மகளுக்கு ஒன்பது மணி ஆபீஸ். இடது பக்கம். இடது முழங்கை. ஆறு நிமிஷம் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். எனக்கு அந்த ஆறு நிமிஷத்துக்குள் போகத்தான் தெரிந்தது, வெளியே வரத் தெரியவில்லை. தாரில் கிடந்து அவள் முதலில் எந்தப் பக்கம் புரண்டாள்? யார் பெயரைச் சொன்னாள்? பின்னால் லாரி ஏதும் வந்ததா? எழுந்து நிற்க எத்தனை நிமிஷம், சேலையைத் தட்டிக்கொள்ள எத்தனை, அப்பாவிடம் அலமாரிக் கதவு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவுகட்ட எத்தனை?

விசில் என் வண்டியின் இடது பக்கத்தைப் பார்த்தார். முப்பது வருஷத் தூசியைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. பிறகு மாப்பிள்ளையின் வண்டியைப் பார்த்தார். இடது கால்வைக்கும் கட்டை புத்தம்புதுசாக மின்னியது. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

மாப்பிள்ளை என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் இருந்த சிவப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"இது என் பெட்டி இல்லம்மா," என்றேன் அந்தப் பெண்ணிடம். "நான்தான் மாத்தி வெச்சேன். என்னோடது முப்பத்தெட்டு. அதுவும் என்னிக்கு அவ்வளவு போனேன்னு தெரியல. நூத்திருபதெல்லாம் நான் போனதே இல்ல. என்னிக்குமே போனதில்ல."

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "பாருங்கய்யா, மாப்பிள்ளையைக் காப்பாத்த மனுஷன் என்ன அளவு அளக்குறாரு. முப்பத்தெட்டாம்." பதினோரு வருஷத்தில் முதல்முறையாக நான் சொன்ன உண்மையை, நான் சொன்னதிலேயே பெரிய புளுகு என்று எடுத்துக்கொண்டார்.

நான் என் கையிலிருந்த தாளை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். அவர் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. காற்று மெஷின் ஒருமுறை பெருமூச்சு விட்டு நின்றது.

"அவ சொன்னாளா மாமா?" எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"அலமாரிக் கதவுன்னு சொன்னா."

அவர் தாளை மடித்தார். அந்த உச்சிக்கும் கிணற்றுக்கும் நடுவில் மடிப்பு விழுந்தது. திரும்ப மடித்தார். சட்டைப்பையில் வைக்கப் போனவர், வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவதற்கு என்னிடம் பதினோரு வருஷத்துச் சொற்கள் இருந்தன. ஆனால் எந்தச் சொல்லை எடுத்தாலும் அதன் மறுமுனை என் கையில்தான் இருந்தது.

"நான் அவளைப் பாக்கப் போறேன்," என்றேன். "வர்றீங்களா?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் கிளம்பினேன். தெரு முனை திரும்பும்வரை பின்னால் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நேர் ரோடு தொடங்கியதும் கேட்டது. என் பக்கக் கண்ணாடியில் ஒரு விளக்கு, சட்டைப் பித்தான் அளவில். கண்ணாடி நடுங்க, விளக்கும் நடுங்கியது. இந்த ரோட்டில் அந்த வண்டி என்னைத் தாண்டிப்போக ஒரு கண்சிமிட்டல் போதும். விளக்கு பெரிதாகிறதா என்று பார்த்துப் பார்த்து நான் ரோட்டைப் பார்க்க மறந்தேன். முப்பத்தெட்டில் நின்ற முள் முப்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. விளக்கு அதே பித்தான் அளவில்தான் இருந்தது.

தூரத்தில் கேமரா கம்பம் தெரிந்தது. எனக்கு முன்னால் போன கார்களெல்லாம் அதன் அருகே வந்ததும் அடங்கி ஒடுங்கி, தாண்டியதும் சீறிப் பாய்ந்தன. கம்பத்துக்கு அந்தப் பக்கம், ரோட்டின் இடது ஓரத்தில், தாரில் வெள்ளையாக ஒரு நீளக் கீறல் கிடந்தது. நான் கம்பத்தைத் தாண்டினேன். கீறல் முடிகிற இடம்வரை அதன் பக்கத்திலேயே போனேன், வெகு நேரம் போனேன். பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். அந்த விளக்கு அப்போதுதான் கம்பத்துக்குக் கீழே வந்துகொண்டிருந்தது.