பூஜ்யத்துக்குக் கீழே

என் தம்பியை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது. எனக்கும் அதே வாகுதான். லேபில் எனக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே சொல்ல மாட்டேன்.

ஒல்லியானவர்களின் ஈரலில் சேரும் கொழுப்பை ரத்தத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கும் புதுச் சோதனை எங்களுக்கு வந்திருந்தது. நோயில்லாத ஒருவரின் ரத்தத்தை வைத்து, இதுதான் பூஜ்யம் என்று இயந்திரத்துக்கு முதலில் சொல்லித்தர வேண்டும். சோதனைக் கிட்டோடு வந்த மாதிரி ரத்தம் வழியிலேயே கெட்டுவிட்டது.

"ஒல்லியா, குடிக்காத ஆளா யாராவது இருக்காங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். நான் பெருமையாகத் தம்பியை இழுத்து வந்தேன்.

குழாயைச் சுழற்றியதும் மேலே தெளிந்து நிற்கவேண்டிய சீரம், பால் கலந்ததுபோல் கலங்கியிருந்தது. வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்திருக்கிறான் கழுதை என்று திட்டிக்கொண்டே அதையே பூஜ்யமாக இயந்திரத்தில் வைத்தேன்.

அதன்பிறகு அந்த அறையே எனக்குப் பிடிக்காமல் போனது. ஸ்கேனில் நோய் உறுதியானவர்களின் ரத்தத்தை வைத்தால் இயந்திரம் முனகிவிட்டுப் பூஜ்யம் காட்டும். அடுத்தவருக்கும் பூஜ்யம். கிட்டை மாற்றினாலும் பூஜ்யம். வேறுவேறு ஆட்கள் ஒரே முகத்தோடு வந்து உட்கார்வதுபோல் இருந்தது.

"இந்தக் கிட்டே டுபாக்கூர்" என்று டாக்டர் வெறுத்துப்போய்ச் சட்டைக் கையைச் சுருட்டினார். "என்னோடத வைம்மா. இந்தத் தொப்பைக்காவது ஏதாவது காட்டுதான்னு பாப்போம்." அவருடைய ஈரல் ஸ்கேனில் சுத்தம், அது அவருக்கே ஆச்சரியம்.

இயந்திரம் பூஜ்யத்துக்குக் கீழே போனது.

"பூஜ்யத்த விட நல்லா இருக்கேனா நான்?" தொப்பை குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் ஒன்றாகவே நிறுத்தினோம். ஃபிரிட்ஜுக்குள் தம்பியின் குழாய் இருந்தது.

நோயாளிகள் குணமாகிவிடவில்லை. இயந்திரத்துக்குப் பூஜ்யமாக நின்ற தம்பியே அவர்களில் ஒருவன்.

எங்கள் அம்மாவும் ஒல்லிதான். குடிக்காதவளுக்கு ஈரல் எப்படிக் கெடும் என்று சொந்தமெல்லாம் காதைக் கடித்தது. அவள் கண் மஞ்சளானபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. இவனையும் அப்படி விட முடியாது. தம்பிக்குப் போன் செய்தேன்.

"என்னக்கா, இன்னும் ரத்தம் வேணுமா? இருக்கறதே ஒரு டம்ளர்தான்."

"வாய மூடிட்டு உடனே வா. வெறும் வயித்தோட வா."

"போன தடவையும் வெறும் வயித்தோடதானே வந்தேன்? நீ திட்டுவேன்னு தண்ணிகூடக் குடிக்கல."

போனை வைத்தேன்.

"பயப்படாதம்மா, ஆரம்பத்துலயே பிடிச்சிட்டோம். சரி பண்ணிடலாம்" என்றார் டாக்டர். அவர் பார்வை மட்டும் குச்சிபோன்ற என் மணிக்கட்டிலேயே நின்றது. பஞ்சை எடுத்தார். "உக்காரு. உன்னோடதையும் பாத்துடுவோம்."

குழாய் சுழன்று நின்றது. மூடியைத் திறந்து அவர்தான் முதலில் பார்த்தார். மேலே வெள்ளையாகக் கலங்கியிருந்தது.

"காலைல சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன் சார்" என்றேன்.

விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணீர்கூட என் பல்லில் பட்டிருக்கவில்லை.